லெஃப்ட் பேக்கின் அம்மா

ஹாக்கி மேட்ச் பார்க்கப் போனால் கூட்டம் எந்தப் பக்கம் உட்காருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நம் அணி எந்தக் கோலை நோக்கி அடிக்கப் போகிறதோ, அந்தக் கோலுக்குப் பக்கத்தில்தான் உட்காரும். கோல் விழுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமே! நான் மட்டும் எதிர்ப்பக்கம் போய் உட்காருவேன். நம் கோல்கீப்பர் நிற்கிற பக்கம், அதிலும் இடது மூலை. இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறும்போது தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து நானும் அந்தப் பக்கம் போய்விடுவேன். என் மகள் லெஃப்ட் பேக். ஒரு காலத்தில் நானும் லெஃப்ட் பேக்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி. இந்த மூன்றில் எதை முதலில் சொல்வது என்பது சொல்கிறவரைப் பொறுத்தது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிற நாட்களில் ஊரே மைதானத்தில்தான் இருக்கும். மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் 3-1, 2-0 என்று போட்டு, யார் எந்த நிமிடத்தில் கோல் அடித்தார் என்று எழுதியிருப்பார்கள். அந்த 1 ஏன் 4 ஆகவில்லை, அந்த 0 எப்படிக் கடைசிவரை 0-வாகவே இருந்தது என்று எழுத பேப்பரில் இடம் கிடையாது. கோல்கீப்பருக்காவது எப்போதாவது ஒரு வரி கிடைக்கும். பேக் ஆடுகிறவளுக்கு அதுவும் இல்லை. அவள் பெயர் பேப்பரில் வருகிறது என்றால், பெரும்பாலும் மஞ்சள் அட்டை வாங்கியிருப்பாள்.

எட்டாம் வகுப்பில் என்னை அந்த இடத்தில் நிறுத்தியவர் எங்கள் பி.டி. டீச்சர். "நீ ஒண்ணும் வேகமா ஓடுறவ இல்ல. ஆனா யாரு என்ன சொன்னாலும் சட்டுனு பதில் சொல்ல மாட்டேங்க. நீ பேக்குக்குத்தாம்மா சரி" என்றார். பாராட்டா, திட்டா என்று அன்று புரியவில்லை. முதல் ஒரு வாரம் ஸ்டிக்கையே கையில் கொடுக்கவில்லை. இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நிற்க வைப்பார். ஒருத்தி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடி வருவாள். இன்னொருத்தி முகத்தைத் திருப்பாமல், முழங்காலை மடித்து, பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இருவருக்கும் நடுவே இரண்டு கைத் தூரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சரளை மண் தரை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாது.

"அவ கண்ணைப் பாக்காத, தோளைப் பாக்காத, இடுப்பைப் பாக்காத. அதெல்லாம் பொய் சொல்லும். பந்தை மட்டும் பாரு" என்பது டீச்சரின் தினசரிப் பாட்டு.

டேக்கிள் என்றால் பாய்ந்து போய்ப் பந்தைப் பறிப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். டிவியில் காட்டுவதும் அதைத்தான். ஆனால், எதிராளி வேகமாக வரும்போது அவளை நோக்கி நாமும் ஓடினால் என்ன ஆகும்? பந்தை லேசாக ஒரு தட்டுத் தட்டுவாள், நம்மைத் தாண்டிப் போய்விடுவாள். நாம் நின்று திரும்பி ஓடத் தொடங்குவதற்குள் அவள் கோல் முன்னால் நிற்பாள். சும்மா நின்றுகொண்டிருந்தாலும் இதே கதிதான். அதனால் அவள் நெருங்குவதற்கு முன்பே நாம் பின்வாங்கத் தொடங்க வேண்டும். அவள் ஓடும் வேகத்தை நம் கால்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் விலகுகிறோம் என்று தெரிந்தால் அவளுக்கு யோசனை வரும். யோசனை வந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பின்னால் இருந்து நம் ஹாஃப் ஓடிவந்து சேர்ந்துவிடுவாள். இப்போது இரண்டுக்கு ஒன்று.

குழந்தை கையில் கத்தரிக்கோலோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிப்போய்ப் பிடுங்குவோமா? பிடுங்கினால் அது இன்னும் இறுக்கிக்கொண்டு ஓடும். வேறெதையோ பார்ப்பது போல மெல்லப் பக்கத்தில் போவோம், வழியை அடைத்துக்கொண்டு உட்காருவோம், பிடி தளர்கிற நேரம் பார்த்து வாங்கிவிடுவோம். அம்மாக்கள் எல்லாரும் நல்ல பேக் ஆட்டக்காரிகள் என்று நான் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். உண்மையைத்தான் சொல்கிறேன்.

ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஹாக்கி ஸ்டிக்குக்கு ஒரு பக்கம் தட்டை, இன்னொரு பக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம். இடது கைப் பழக்கக்காரருக்கென்று தனி ஸ்டிக் கிடையாது, விதி அனுமதிக்காது. உலகத்தில் எல்லாருக்கும் ஒரே ஸ்டிக். அதனால் எல்லாருக்கும் வலது பக்கம் பலம், இடது பக்கம் பலவீனம். இடது பக்கம் வருகிற பந்தைத் தொட வேண்டுமானால் மணிக்கட்டைத் திருப்பி ஸ்டிக்கைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும்.

இரண்டு பேர் எதிரெதிரே நிற்கும்போது அவளுடைய வலது, எனக்கு இடது. அவளுடைய பலமான பக்கம்தான் என்னுடைய பலவீனமான பக்கம். ஆகவே பேக்குக்குச் சொல்லித் தருகிற முதல் தந்திரம், உன் இடது பக்கத்தை அடைத்துக்கொண்டு சற்றுச் சாய்வாக நில் என்பது. இடது கால் முன்னே, வலது கால் பின்னே. பார்க்கிறவளுக்கு உன் வலது பக்கம் வழி திறந்திருப்பது போலத் தெரியும். அவள் அந்த வழியில் வருவாள். அங்கேதான் உன் ஸ்டிக்கின் தட்டைப் பக்கம் காத்திருக்கிறது. அவளாகத் தேர்ந்தெடுத்தது போல அவளுக்குத் தோன்றும். உண்மையில் நாம் அனுப்பி வைத்தது.

ரைட் பேக்குக்கு இது சர்க்கரைப் பொங்கல். அவளுடைய வலது பக்கம்தான் மைதானத்தின் ஓரக் கோடு. பலமான பக்கமும் அதுவே, எதிராளியை ஓரங்கட்ட வேண்டிய பக்கமும் அதுவே. லெஃப்ட் பேக்கின் பாடு அப்படி இல்லை. ஓரக் கோடு அவளுடைய இடது பக்கம். எதிராளியை வெளியே தள்ளினால் தன் பலவீனமான கைக்குத் தள்ளுகிறாள். பலமான கைக்கு அழைத்தால் மைதானத்தின் நடுவுக்கு, அதாவது கோலுக்கு நேராக அழைக்கிறாள். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் முள்வேலி. ஒவ்வொரு முறை பந்து வரும்போதும் அரை நொடிக்குள் இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். உள்ளே நம் ஹாஃப் நிற்கிறாளா? நின்றால் உள்ளே விடு. இல்லையா? வெளியே தள்ளு, கோட்டை நம்பு. "கோடும் நம்ம டீம்தான். அதுக்கு மூச்சு வாங்காது" என்பார் டீச்சர். அந்தக் காலத்துக் கோடு சுண்ணாம்புப் பொடி. மூன்றாவது மேட்சுக்குள் அழிந்துபோய், நடுவரும் நாங்களும் ஆளுக்கொரு கோட்டை மனதில் போட்டுக்கொண்டு ஆடியது தனிக் கதை.

பிறகுதான் கை வேலை. ஜேப் என்று ஒன்று இருக்கிறது. இடது கையால் மட்டும் ஸ்டிக்கின் நுனியைப் பிடித்து, கோழி தானியம் கொத்துவது போலப் பந்தை நோக்கி ஒரு குத்து. குத்திய வேகத்தில் ஸ்டிக் திரும்பி வந்துவிட வேண்டும். உடம்பின் எடை முன்னால் போகவே கூடாது, போனால் தீர்ந்தது. நல்ல பேக் குத்துகிற குத்துகளில் பாதி பொய்க்குத்து. பந்தைத் தொடும் எண்ணமே இருக்காது. குத்து வருகிறது என்று எதிராளி தலையைக் குனிந்து பந்தைக் காக்கப் பார்ப்பாள். தலை குனிந்தவளால் பாஸ் கொடுக்க ஆளைத் தேட முடியாது. நமக்கு அதுவே போதும்.

அடுத்தது பிளாக். இரண்டு கையாலும் ஸ்டிக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து வழியை மறிப்பது. அதற்கு நன்றாகக் குனிய வேண்டும். இடது கை முட்டி தரையில் உரசும். இப்போது பிள்ளைகள் கையுறை போடுகிறார்கள். நாங்கள் பழைய சாக்ஸை வெட்டிச் சுற்றிக்கொள்வோம். பிளாக்கில் எப்போது ஸ்டிக்கை இறக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பந்தை உருட்டிக்கொண்டு வருகிறவள் வலமிருந்து இடமாக அதை இழுக்கிறபோது, ஸ்டிக்கிலிருந்து பந்து விலகி மறுபடி ஸ்டிக்கில் சேர்வதற்குள் ஒரு சின்ன இடைவெளி. கண் சிமிட்டும் நேரம் அது. அந்த நேரத்தில் பந்து யாருக்கும் சொந்தமில்லை. அதற்காகத்தான் 20 மீட்டர் பின்னால் நடந்து வந்தோம்.

இடது பக்கம் போகிறவளைத் துரத்திப்போய் ஸ்டிக்கைப் புரட்டி எடுக்கிற ரிவர்ஸ் டேக்கிளும் இருக்கிறது. பார்க்க அழகு, ஆடுகிறவளுக்கு ஆபத்து. பந்துக்கு முன்னால் அவள் ஸ்டிக்கையோ காலையோ தொட்டுவிட்டால் ஃபவுல். உடம்பு மோதாமல் பந்தை எடுக்க முடியாத நிலையில் டேக்கிள் செய்யவே கூடாது என்பது விதி. கோலைச் சுற்றி 14.63 மீட்டரில் வளைத்துப் போட்ட கோட்டை நாங்கள் 'டி' என்போம். அதற்கு வெளியே செய்த ஃபவுலுக்கு ஃப்ரீ ஹிட்டோடு போகும். உள்ளே தெரியாமல் பந்து காலில் பட்டாலே பெனால்டி கார்னர். அதனால் நல்ல பேக்கின் வேலையெல்லாம் 'டி'க்கு வெளியிலேயே முடிந்துவிடும். 'டி'க்குள் விழுந்து புரண்டு கைதட்டு வாங்குகிற பேக், அநேகமாக வெளியே செய்ய வேண்டிய வேலையைச் செய்யாதவளாக இருப்பாள். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேனோ? என் அபிப்பிராயம் அதுதான்.

என் மகள் ஆடுவது செயற்கைப் புல்தரையில். நான் ஆடியதும் அவள் ஆடுவதும் ஒரே ஆட்டமா என்றே சில சமயம் சந்தேகம் வரும். சரளைத் தரையில் பந்து குதிக்கும், நம்பவே முடியாது. இங்கே தண்ணீர் தெளித்த தரையில் கோடு கிழித்தாற்போல ஓடி வருகிறது, வேகமும் கூட. பாய்ந்து படுத்து டேக்கிள் செய்கிறார்கள். நாங்கள் படுத்திருந்தால் தோல் அங்கேயே தங்கியிருக்கும். நான் கல்லூரியில் ஆடிய காலத்தில்தான் ஆஃப்சைடு விதியையும் எடுத்தார்கள். அதுவரை எதிராளி நம் முதுகுக்குப் பின்னால் போய்க் காத்திருக்க முடியாது. அதற்குப் பிறகு பேக்குக்கு முதுகிலும் கண் வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் முழங்காலை மடி, இடது காலை முன்வை, பந்தைப் பார். இது மாறவில்லை.

பேக் ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு மேட்ச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், 2021 ஆகஸ்ட் 2-ம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த பெண்கள் கால் இறுதியைச் சொல்வேன். எதிரே ஆஸ்திரேலியா. 22-வது நிமிடத்தில் பெனால்டி கார்னரில் குர்ஜித் கவுர் ஒரு கோல் போட்டார். எல்லாரும் அந்த கோலைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எனக்கு அதற்குப் பிறகு இருந்த 38 நிமிடங்கள்தான் மேட்ச். ஆஸ்திரேலியா அலை அலையாக வந்தது, பெனால்டி கார்னர் மேல் பெனால்டி கார்னராக வாங்கியது. கோலில் சவிதா. அவருக்கு முன்னால் தீப் கிரேஸ் எக்கா, உதிதா, குர்ஜித். 1-0 கடைசிவரை 1-0. குர்ஜித்தே ஒரு டிஃபெண்டர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அன்று என் மகளுக்கு 11 வயது. மேட்ச் முடிந்ததும் எழுந்து போய்க் கூடத்து ஓரத்தில் தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைக் குத்திக் குத்தி ஜேப் பழக ஆரம்பித்தாள். ரசத்துக்கு வைத்திருந்த பழம்.

அவளுக்கு 14 வயதானபோது விளையாட்டு விடுதி ஒன்றுக்குத் தேர்வு நடந்தது. சேர்ந்தால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. பின்னால் கல்லூரி சீட்டுக்கும் வேலைக்கும் அது ஒரு பிடிமானம். முன்பின் ஒன்றாக ஆடாத 22 பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். இவள் பக்கம் வந்த ரைட் விங்கர் பெண், இரண்டு மூன்று முறை ஓரத்தில் போய் மாட்டிக்கொண்ட பிறகு அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். ஆட்டம் முழுக்க மறுபக்கமே நடந்தது. இவள் பெயர் பட்டியலில் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கோல் அடிச்சவங்க பேரைத்தான் எழுதுனாங்கம்மா. என் பக்கம் பந்தே வரல. வராததுக்கு நான்தான காரணம், அதை எப்படி எழுதுவாங்க?"

அந்த வாரமே ஃபார்வர்டுக்கு மாறப்போகிறேன் என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த பள்ளி மேட்சுக்குப் போகும்போது மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டு எடுத்துப்போனேன். வெளியே தள்ளியது, பந்தை எடுத்தது, தாண்டிப் போனது, 'டி'க்குள் ஃபவுல். பந்தோடு ஓர் ஆள் அவள் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு கோடு கிழித்தேன். மேட்ச் முடிந்து எண்ணினால், வந்தது 17 முறை. வெளியே தள்ளியது 9, எடுத்தது 5, தாண்டிப் போனது 3, 'டி'க்குள் ஃபவுல் பூஜ்ஜியம். ராத்திரி சாப்பிடும்போது நோட்டை அவள் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றும் பேசாமல் பார்த்தாள். பிறகு, "அந்த மூணுல ஒண்ணு என் தப்பில்லம்மா, ஹாஃப் உள்ள நின்னான்னு நெனச்சு உள்ள விட்டேன், அவ நிக்கல" என்றாள். ஃபார்வர்டுப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த நோட்டு அவளுடைய பி.டி. சாரிடம் போனது. அவர் ஐந்தாறு மேட்சுக் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவளைப் பெனால்டி கார்னரில் ஃபர்ஸ்ட் ரஷ்ஷராகப் போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்தது அன்றுதான்.

பெனால்டி கார்னர் என்றால் தடுக்கிற அணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். எதிரணிப் பெண் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவாள், 'டி'யின் உச்சியில் ஒருத்தி நிறுத்துவாள், இன்னொருத்தி அடிப்பாள் அல்லது சுழற்றி வீசுவாள். பந்து தள்ளப்பட்ட நொடியில் கோலிலிருந்து கிளம்பி அடிப்பவளை நோக்கி நேராக ஓடுகிறவள்தான் ஃபர்ஸ்ட் ரஷ்ஷர். பெரிய ஆட்டக்காரர்கள் வீசினால் அந்தப் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். பந்தின் எடை 160 கிராம் வாக்கில். கல் மாதிரி இருக்கும். எல்லாரும் விலகுகிற திசையை நோக்கி ஓடுகிற வேலை.

"பொட்டப்பிள்ள முகத்துல பட்டா யாரு பதில் சொல்லுவா?" என்றார் என் மாமியார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் தாடையில் இரண்டு அங்குலத்துக்குத் தழும்பு உண்டு. பிளஸ் ஒன் படிக்கும்போது, ஒரு ஷார்ட் கார்னரில், யாரோ அடித்த பந்து ஸ்டிக்கில் பட்டுத் தெறித்தது. ஐந்து தையல். அன்று வலித்ததைவிடப் பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த பார்வைதான் நெடுநாள் வலித்தது. ஒரு வீட்டார் வாசலில் வைத்து, "வண்டியில விழுந்துட்டான்னு சொல்லிருந்தாக்கூட பரவால்ல, பொம்பளப்பிள்ள பந்து வெளையாடி..." என்று இழுத்துவிட்டு, பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிய என் அப்பா, அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்: "எம்பிள்ள லெஃப்ட் பேக். தாடையில பந்து பட்ட தழும்பு இருக்கு. பாத்துக்கிடுங்க." இப்போது மகளுக்காகச் சண்டை போடுகிற இதே மாமியார் அன்று என்னைப் பார்க்க வந்து, தழும்பைக் கிட்டத்தில் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "பல்லெல்லாம் சொந்தப் பல்லுதானம்மா?" சொந்தப் பல்தான் என்றேன். தேதி குறித்துவிட்டார்கள்.

அதனால் அவர் பேச்சை என்னால் தட்ட முடியவில்லை. என் கணவர் வழக்கம்போல, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று பேப்பருக்குள் போய்விட்டார். நான் அத்தையிடம் விதிகளைச் சொன்னேன். இப்போது பெனால்டி கார்னர் தடுக்கிறவர்கள் முகக் கவசம் போட்டுக்கொள்ளலாம், கால் முட்டிக்கும் கவசம் உண்டு. என் காலத்தில் இரண்டும் கிடையாது. ரஷ்ஷர் உடம்பால் மறிக்க ஓடக் கூடாது, ஸ்டிக்கால் ஆடத்தான் ஓட வேண்டும். உடம்பைக் கொடுக்கவே ஓடினால் நடுவர் அவளுக்கு எதிராகத்தான் விசில் ஊதுவார். சரியாகப் பழகிய பிள்ளை பந்தின் நேர்க்கோட்டில் ஓட மாட்டாள். ஸ்டிக்கைத் தரையோடு வலது பக்கம் நீட்டி, ஸ்டிக் பந்தின் பாதையில் இருக்கும்படியும் உடம்பு அதற்கு இடது பக்கம் இருக்கும்படியும் ஓடுவாள். அடிப்பவள் 5 மீட்டருக்குள் நிற்கிற ரஷ்ஷர் மேல் அடித்து, பந்து முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அது ஆபத்தான அடி. கோல் கிடையாது, நமக்கு ஃப்ரீ ஹிட்.

"அடிய வாங்குறது நம்ம பிள்ள. அதுக்கு ஒரு ஃப்ரீ ஹிட்டாக்கும்!" என்றார் அத்தை.

மகள் வேறு வாதத்தோடு வந்தாள். போனில் பாரிஸ் ஒலிம்பிக் மேட்சை வைத்துப் பாட்டியிடம் காட்டினாள். 2024 ஆகஸ்ட் 4, ஆண்கள் கால் இறுதி, பிரிட்டனுக்கு எதிராக. இந்தியாவின் ஃபர்ஸ்ட் ரஷ்ஷர் அமித் ரோகிதாஸ். 17-வது நிமிடத்தில் அவருடைய ஸ்டிக் எதிரணி வீரரின் முகத்தில் பட்டதற்காகச் சிவப்பு அட்டை. மீதி 40 நிமிடங்களுக்கும் மேல் இந்தியா பத்துப் பேரோடு ஆடியது. ஒருவர் குறைந்தால் இரண்டு பேருக்கு நடுவே இருக்கிற வாசல் எல்லாம் பெரிதாகிவிடும். பத்துப் பேரும் அந்த வாசல்களை மாறி மாறி அடைத்தபடியே ஆடினார்கள். 1-1. ஷூட் அவுட்டில் ஸ்ரீஜேஷ் நின்று 4-2 என்று ஜெயித்தோம். ஒரு மேட்ச் தடை என்பதால் ரோகிதாஸ் அரை இறுதியில் ஆடவில்லை. அதில் ஜெர்மனி போட்ட முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது. 3-2 என்று தோற்றோம். "பாத்தியா ஆச்சி, ரஷ்ஷர் இல்லன்னா என்ன ஆகுதுன்னு" என்றாள். அவர் இருந்திருந்தால் அந்த கோல் விழுந்திருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 15 வயதில் வாதம் செய்யும்போது அதையெல்லாம் பார்க்க முடியுமா?

அத்தை மேட்சைப் பார்க்கவில்லை. அந்த வீரர்களின் முகத்தை மட்டும் பார்த்தார். "எல்லாரும் பல்லுக்கு ஏதோ மாட்டியிருக்கானுவளே, அது என்னது?" என்றார். பல் கவசம் என்று சொன்னேன். மறுநாள் காலை பூஜை அறை டப்பாவிலிருந்து பணத்தை எடுத்து என் கையில் வைத்தார். "முகத்துக்கு மாட்டுறதும் வாங்கு, பல்லுக்கு மாட்டுறதும் வாங்கு. இருக்கதுல நல்லதா வாங்கு." சம்மதம் என்று மட்டும் சொல்லவே இல்லை.

போன மாதம் ஒரு மேட்சுக்கு அவரும் வந்தார். 74 வயதில் முதல் ஹாக்கி மேட்ச். கோல் பக்கம் உட்காரலாம் என்றார். இல்லை அத்தை, நம்ம இடம் அங்கே என்று இடது மூலைக்குக் கூட்டிப்போனேன். முதல் கால் மணி நேரம் எதுவுமே நடக்கவில்லை. எதிரணி ரைட் விங்கர், உயரமான பெண், நல்ல ஓட்டம். பந்தோடு நான்கு முறை வந்தாள். நான்கு முறையும் இவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், ஓரக் கோட்டருகே அவளை நிறுத்தினாள். இரண்டு முறை பந்து வெளியே போனது, ஒரு முறை இவள் ஸ்டிக்கில் சிக்கியது, ஒரு முறை அந்தப் பெண் சலித்துப்போய்ப் பின்னால் இருந்தவளுக்கே திருப்பிக் கொடுத்தாள். யாரும் கைதட்டவில்லை. "என்னம்மா, இவ பந்தைத் தொடவே மாட்டேங்கா, பின்னாலயே போயிட்டிருக்கா?" என்றார் அத்தை.

மூன்றாவது கால் பகுதியில் ஒரு பெனால்டி கார்னர். கவசத்தை மாட்டிக்கொண்டு கோல் கோட்டுக்குப் பின்னால் இவள் குனிந்து நின்றாள். அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நகம் பதிந்தது. பந்து தள்ளப்பட்டது. இவள் ஓடினாள். எண்ணிப் பார்த்தால் எட்டுப் பத்து எட்டு இருக்கும். அடித்த பந்து இவளுடைய ஸ்டிக்கின் கழுத்தில் பட்டு, பக்கவாட்டில் எகிறி, ஓரக் கோட்டைத் தாண்டி எங்கள் காலடிக்கு வந்து விழுந்தது. அத்தை குனிந்து அதை எடுத்தார். கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பந்து பொறுக்கும் சிறுவன் கை நீட்டி நின்றான். கொடுக்க மனமில்லாதவர் போலக் கொடுத்தார்.

நான்காவது கால் பகுதியில் அந்த உயரமான பெண் மறுபடி வந்தாள். இப்போது அத்தை பந்தைப் பார்க்கவில்லை, பேத்தியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கால் முன்னே, வலது கால் பின்னே, ஒரு பொய்க்குத்து, இன்னும் ஒரு எட்டுப் பின்னால்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "இவ எங்க போகச் சொல்லுதாளோ, அந்தப் பிள்ள அங்கதான போகுது?"

நான் நோட்டில் ஒரு கோடு கிழித்தேன். பிறகு நோட்டையும் பேனாவையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.